லிபி ஹோம் ஸ்டேயில் கடிகாரம் இல்லை

மன்னிப்பதைப் பெரிய குணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களில் பெரும்பாலோர் அடுத்தவருக்கு நேர்ந்ததைத்தான் மன்னிக்கிறார்கள். நான் என் மன்னியை இன்னும் மன்னிக்கவில்லை. ஆடிட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ரிட்டயராகி வீட்டுக்கு வந்த மறுமாதமே, திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் அக்ரஹார வீட்டில், நான் பிறந்ததிலிருந்து படுத்து எழுந்த அறையில் ஒரு ட்ரெட்மில்லைக் கொண்டுவந்து போட்டாள். "நீயும் நடக்கலாமே விஜயா" என்றாள். அன்றிலிருந்து மாதத்தில் மூன்று நாள் நான் மலையில் இருக்கிறேன்.

மலை என்றால் சாத்தன்பாறை முக்கு. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நெடுமங்காடு, விதுரா எல்லாம் தாண்டி, இனிமேல் ஊரே கிடையாது என்று நினைக்கும்போது வரும். பன்னிரண்டு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சர்ச், ஓர் அம்மன் கோயில். பொன்முடியில் அறை கிடைக்காதவர்கள் இங்கே வந்து விழுவார்கள். முக்கிலிருந்து அறுபத்திரண்டு படி ஏறினால் லிபி ஹோம் ஸ்டே. நான்கு அறை, ஷீட் போட்ட கூரை, வாளித் தண்ணீர், பின்பக்கம் விறகடுப்பில் எந்நேரமும் வெந்நீர். ஒவ்வோர் அறை வாசலிலும் துணியில் முடிந்த உப்பு தொங்கும். காலில் அட்டை ஏறினால் தேய்க்க.

நடத்துகிறவள் சுடலைமாடத்தி. ஐம்பத்தாறு வயது. குள்ளம். மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதினைந்து வயதில் முதுகில் கூடை கட்டியவள். கல்யாணமாகி முக்கில் குடியேறிய பிறகும் பல வருஷம் மலையேறிப் போய்க் கொழுந்து கிள்ளினாள். அதனாலோ என்னவோ, அவள் நடந்தால் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். என்னை மாமி என்று கூப்பிடுவாள். எனக்கென்று தனியாக ஒரு சின்ன பாத்திரத்தில் ரசம் வைப்பாள். அந்த அடுக்களையில் உட்கார்ந்து நான் மரச்சீனிக் கிழங்கு தின்பது என் அண்ணாவுக்குத் தெரிந்தால் அவர் மயக்கம் போட்டு விழுவார். விழட்டும்.

முதல் தடவை போனபோதே நான் கவனித்தது, அந்த வீட்டில் கடிகாரம் இல்லை. ஹாலில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி வட்டமாகச் சுவர் வெளுத்திருந்தது.

"கடிகாரம் வேண்டாம் மாமி. நேரம் பாக்கணும்னா போன்ல பாத்துக்கிடுங்க" என்றாள். அந்தக் குரலில் அடுத்த கேள்விக்கு இடமில்லை.

பெங்களூர்க்காரப் பையன் ஒருவன், 'கடிகாரம்கூட இல்லாத லாட்ஜ், ஓனர் லேடிக்கு வாய் ஜாஸ்தி' என்று இன்டர்நெட்டில் ஒற்றை ஸ்டார் போட்டான். ஆறு மாதம் கழித்து வேறு அறை எங்கும் கிடைக்காமல் அவனே திரும்பி வந்தான். மாடத்தி முகத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டாள். அறை கொடுத்தாள், சோறு போட்டாள். அவன் அறை வாசலில் இருந்த உப்பு முடிச்சை மட்டும் அவிழ்த்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மழைக்காலம். மறுநாள் அருவிக்குப் போய்விட்டு இரண்டு காலிலும் ரத்தம் ஒழுக வந்து நின்று உப்பு கேட்டான்.

"ஒத்த ஸ்டாருக்கு உப்பு கிடையாது" என்றாள்.

அன்றுதான் எனக்கு இவளை ரொம்பப் பிடித்துப்போனது.

இந்த ஊரில் ஸ்டே வண்டி என்று ஒன்று உண்டு. இரவில் கடைசியாக மலையேறி வரும் சர்க்கார் பஸ் திரும்பிப் போகாது. முக்கிலேயே கிடந்து, விடியலில் அஞ்சு பத்துக்கு முதல் ட்ரிப் எடுக்கும். டிரைவரும் கண்டக்டரும் படுக்க ஊர்க்காரர்கள்தான் இடம் கொடுக்க வேண்டும். இடமில்லை என்றால் வண்டியும் இல்லை. ஆக, அந்த இரண்டு பேரும் யார் வீட்டில் தூங்குகிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் ஊரில் நேரம்.

இருபது வருஷம் அவர்கள் நயினார் அண்ணாச்சியின் மளிகைக் கடை மாடியில் தூங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்டு, பிறகு வியாபாரிகள் சங்கத் தலைவராகவும் ஆனவர். அந்த வண்டியை ஊருக்குக் கொண்டுவந்ததே தான்தான் என்று சொல்லிக்கொள்வார். ஐந்து வருஷத்துக்கு முன்பு டூரிஸ்டுகள் பெருகியதும் மாடியில் கட்டில் போட்டு வாடகைக்கு விட்டார். டிரைவர், கண்டக்டரின் பைகள் படிக்கு வந்துவிட்டன. வண்டி நின்றுவிடும் என்று ஊரே கையைப் பிசைந்தபோது, மாடத்தி படியிறங்கி வந்து, ஒன்றாம் நம்பர் அறை இனிமேல் அவர்களுக்குத்தான், வாடகை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து தினமும் மூன்றரைக்கு எழுந்திருப்பாள். நாலே முக்காலுக்கு ஃப்ளாஸ்கில் பால் விடாத கட்டஞ்சாயாவும் கையில் டார்ச்சுமாக அவர்களோடு படியிறங்குவாள். வண்டியின் முன்னால் போய் நின்றுகொள்வாள். டிரைவரின் போனில் அஞ்சு பத்து ஆகும்வரை நகரமாட்டாள். மழையோ பனியோ, ஒருநாள்கூட வண்டி ஒரு நிமிஷம் முந்திக் கிளம்பியதில்லை.

ஏன் என்று நான்காவது தடவை போனபோது சொன்னாள். வன்பயறு உரித்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் புருஷன் வீரபாண்டி தென்காசிப் பக்கத்துக் கொத்தனார். அந்த வீட்டின் முதல் மூன்று அறைகளைத் தன் கையால் கட்டியவன். விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். ஊரில் இருந்த இரண்டு ஜீப்பும் சபரிமலைக்குப் போயிருந்தன. மழையில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, ரேஞ்சும் இல்லை, செல்போன் செத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே வழி அஞ்சு பத்து வண்டி.

சாத்தன்பாறையில் எல்லார் வீட்டுக் கடிகாரமும் பத்து நிமிஷம் கூட ஓடும். வண்டியைத் தவறவிடக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். வைத்தது தாங்களே என்று தெரிந்தும் தினமும் பதறிக்கொண்டு ஓடுவார்கள். மாடத்தி வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான். அதில் நாலு ஐம்பது ஆகும்போது, அவள் ஒரு பக்கமும் பதினேழு வயது மகள் லிபி ஒரு பக்கமுமாக வீரபாண்டியைத் தாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு டார்ச்சோடு இறங்கத் தொடங்கினார்கள். பாதிப் படியில் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. டார்ச்சை ஆட்டினார்கள், கத்தினார்கள். வண்டி போய்விட்டது.

முக்கிலுள்ள சிமென்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானதால் வேலைக்குப் போகிற ஆள் ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சியின் கடையும் பூட்டியிருந்தது. ஆறு மணிக்குப் பால் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. விதுராவுக்கு முன்பே வீரபாண்டி போய்விட்டான்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த நயினார் அண்ணாச்சி, கூடியிருந்தவர்கள் முன்னால் சொன்னார்: "வண்டி அஞ்சு பத்துக்குத்தாம் போச்சு. நானும் வீட்டுக்காரங்களும் அதுலதான் போனோம். உன் கடிகாரம் ஸ்லோவா இருந்திருக்கும், மாடத்தி."

அதற்கு முந்தின வாரம்தான் அவள் கடிகாரத்துக்குப் பாட்டரி மாற்றி, முள்ளைத் திருப்பி வைத்திருந்தாள். பத்து நிமிஷம் கூட்டி வைத்தாளா, கைதவறிக் குறைத்து வைத்தாளா? யோசிக்க யோசிக்க அவளுக்கே நிச்சயம் இல்லாமல் போயிற்று. லிபிக்கு நிச்சயமாகிவிட்டது. "நேரம்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாம அப்பாவக் கொன்னுட்ட" என்று சொல்லிவிட்டு, பதினாறாம் நாள் கழிந்ததும் திருவனந்தபுரத்துக்குப் போனவள்தான். கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஓணத்துக்கு ஒருநாள் வருவாள். வரும்போது தண்ணீர் பாட்டிலும் கொண்டுவருவாள். அம்மா கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மாடத்தியோ வாசலில் அவள் பெயரைத்தான் போர்டாக எழுதி மாட்டியிருந்தாள்.

கடிகாரத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். "ஒரு பாட்டரியால கட்டுனவனக் கொன்னவ மாமி நான்" என்றாள், பயறிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படியே போயிருக்கும். இந்த ஓணத்துக்கு அடுத்த வாரம் சிவதாணு என்கிற மனிதர் பெண்சாதியோடு வந்து இரண்டாம் நம்பர் அறையில் தங்கினார். பாறசாலைக்காரர், ரிட்டயரான பஸ் கண்டக்டர். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. ராச்சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாடத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"நான் இந்த ஊருக்கு ஸ்டே டியூட்டிக்கு வந்திருக்கேன், கேட்டேளா" என்று என்னிடம் தொடங்கினார். "அப்பம் நாங்க நயினார் அண்ணாச்சி கடை மாடியில கிடக்குறது. அவருதான் சோறு தாறது. சோறு தாற ஆளு சொன்னா கேக்காண்டாமா? ஒரு ஞாயிறு, நாரோயில்ல அவரு அக்கா புதுவீட்டுப் பால்காய்ப்பு. முதல் டிரெயின பிடிக்கணும். நாலரைக்கே எங்கள எழுப்பி விட்டுட்டாரு. நாலு நாப்பத்தெட்டுக்கு வண்டி எடுத்தாச்சு. ட்ரிப் கணக்கு எழுதுற வேபில்ல நான் அஞ்சு பத்துன்னு எழுதி வச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் மாடத்தியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இதுல தமாசு கேளுங்க. வண்டி எடுக்கச்சில படியில டார்ச் ஆடுது. டிரைவர், ஆளு வருதுல்லா, ஒரு நிமிசம் நிப்பம்னான். அண்ணாச்சி முன் சீட்டுல இருந்துட்டு, அது டாப்பிங்காரனாக்கும், ரப்பர் வெட்டப் போறான், நீ எடுன்னுட்டாரு. அவருக்கு டிரெயின் போயிருமே."

மாடத்தி அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"டார்ச் எத்தன?" என்று கேட்டாள்.

"ஆங்?"

"படியில. எத்தன டார்ச் கண்டிய?"

"ரெண்டு" என்றார் அவர். "நல்ல ஓர்மை உண்டு. சபரிமல சீசன், மழ வேற. ஆமா, ரெண்டு."

"மோர் விடட்டா?" என்று கேட்டாள் மாடத்தி.

அந்த மனிதருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை நான் எழுந்து பின்பக்கம் போனபோது அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குத் தேவையான விறகு அப்போதே குவிந்து கிடந்தது.

"மாடத்தி, நீ இதை விடப்படாது" என்றேன். "அந்த வேபில் எங்கயாவது ரிக்கார்டில் இருக்கும். நான் எழுதறேன் பெட்டிஷன். அந்த மனுஷன் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கி..."

"கடலாசு எழுத்து ஒண்ணும் வேண்டாம் மாமி." கோடரியைக் கட்டையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "கடலாசு வந்தா அந்தப் பாவப்பட்ட கண்டக்டருக்குத்தான் பென்சன் போவும். அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆவாது. நான் போயி லிபிகிட்ட சொன்னா, அம்மா கட்டுன கதம்பா. அவரு வாயால அவ கேக்கணும். அதுக்குப் பொறவுதான் எனக்குப் பாக்கி."

"பாக்கி என்னடி?"

"முக்குல அந்த பெஞ்சுல அவர இருத்தணும்" என்றாள்.

இரண்டு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சியைக் கண்டால் எப்போதும்போலத் தலையை ஆட்டினாள். அவரும், "என்ன மாடத்தி, கெஸ்டு உண்டா?" என்று எப்போதும்போலக் கேட்டார். அவர் இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு மாடத்தி வீட்டுக்கும் மேலே புதுவீடு கட்டியிருந்தார். அதே படியில்தான் அவரும் இறங்கி வர வேண்டும். நானாக இருந்தால் இரண்டாம் நாளே எண்ணெயை ஊற்றியிருப்பேன்.

அக்டோபர் கடைசியில் முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. வெள்ளை வேட்டியில் கைகூப்பி நயினார் அண்ணாச்சி. 'ஸ்டே வண்டிக்கு இருபத்தைந்து வயது. வண்டி தந்த நாயகனுக்கு ஊரின் மரியாதை.' டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல், அவர் வார்டு மெம்பருக்கு நிற்கிறார். முதல் ட்ரிப் ஓடியது, கேரள மாநிலம் உருவான நாளான ஒரு கேரளப் பிறவி தினத்தில். ஆகவே நவம்பர் ஒன்றாம் தேதி விடியற்காலை வண்டிக்கு மாலை போட்டு, செண்டை கொட்டி, அஞ்சு பத்துக்கு அண்ணாச்சி கொடி அசைத்து வழியனுப்புவார் என்று ஏற்பாடு. போட்டோ எடுக்க விதுராவிலிருந்து ஆள்.

மாடத்தி அந்த ஃப்ளெக்ஸை நின்று முழுக்கப் படித்தாள். பிறகு படியேறிப் போய் எனக்குப் போன் செய்தாள். "மாமி, ஒண்ணாந்தேதி இங்க இருக்கணும். வரும்போது லிபியக் கூட்டிட்டு வரணும். எப்படியாவது."

நான் கிழக்கேகோட்டையில் அந்தத் துணிக்கடைக்குப் போனேன். லிபிக்கு இப்போது இருபத்தொன்பது வயது. அம்மாவின் அதே முகம், அதே முறைப்பு. பில் போடுகிற கையை நிறுத்தாமலே வரமாட்டேன் என்றாள்.

"உங்கம்மாவுக்கு நெஞ்சு வலிக்கறது" என்றேன். முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை என்னோடு அந்த ஸ்டே வண்டியிலேயே ஏறி வந்தாள். வந்து பார்த்தால் அம்மா தோசைக்கல்லின் முன்னால் கல்லுக்குண்டாக நிற்கிறாள். என்னை அவள் திட்டியதை எழுத முடியாது. திரும்பிப் போக வேறு வண்டி இல்லாததால் என் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

அதற்குள் மாடத்தி தன் வேலையை முடித்திருந்தாள். அந்த வண்டியில் தினமும் போகிறவர்கள் பதினோரு பேர். ஆஸ்பத்திரியில் துடைக்கப் போகிற இரண்டு பெண்கள், ஹோட்டலில் மாவரைக்கிற ஒருவர், நெடுமங்காட்டில் ஏழு மணிக்குக் கடை திறக்கிற தையல்காரர், இப்படி. பதினோரு வீட்டுக்கும் நடந்து போனாள். நாளைக்கு ஒருநாள் மட்டும் நாலே முக்காலுக்கு வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அண்ணாச்சி காதுக்குப் போகக்கூடாது என்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏன் என்றும் சொன்னாள். ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. டிரைவரிடம் சொன்னபோது, அவள் கையால் மூன்று வருஷம் சாயா குடித்த அந்த மனிதன், "போக வேண்டிய எல்லாரும் ஏறியாச்சுன்னா பின்ன எந்தினு நிக்கணும், சேச்சி" என்றான்.

இன்னொன்றும் செய்தாள். ஊரின் ஜீப் ஒன்றை ஆளோடு பிடித்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். அஞ்சு மணிக்குமேல் நோயாளி யாராவது வண்டியை நம்பி ஓடிவந்தால்? அதற்குத்தான். பழிவாங்குவதிலும் இவ்வளவு ஒழுங்கு பார்க்கிறவளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விடியற்காலை நாலரை. மாடத்தி டிரங்குப் பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்தாள். லிபி பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுப் பாட்டரி போட்டாள். போனைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்தாள்.

"இது எதுக்கு இப்ப?" என்றாள் லிபி.

"நீ டார்ச்ச எடு. வா."

லிபிக்கு அந்தப் படியில் டார்ச் பிடித்து இறங்க மனமில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பனி. முக்கில் வண்டி விளக்கெரிய நின்றது. உள்ளே பதினோரு தலைகள். ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியாக மாடத்தியைப் பார்த்துத் தலையசைத்தாள். மாடத்தி சாயாவை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பெஞ்சின்மேல் சாய்த்து வைத்தாள்.

நாலு நாற்பத்தேழு. மேலே படியில் ஒரு டார்ச் வெளிச்சம். அண்ணாச்சிதான். மாலைகளைத் தூக்கிக்கொண்டு, வண்டியை முன்கூட்டியே ஜோடிக்க வருகிறார். வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டதும் டார்ச் வேகமாக ஆடியது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "படியில டார்ச் காணுதே, சேச்சி."

"டாப்பிங்காரனாக்கும்" என்றாள் மாடத்தி. "நீங்க எடுங்க."

வண்டி போயிற்று. அண்ணாச்சி மூச்சிரைக்க வந்து நின்றபோது அதன் பின்விளக்கு இரண்டாம் வளைவில் மறைந்துகொண்டிருந்தது. எழுபது வயது மனிதர், தும்பைப் பூப்போல வேட்டி, இரண்டு கையிலும் செவ்வந்தி மாலை.

"ஏ, வண்டி எங்க?"

"அஞ்சு பத்துக்குத்தாம் போச்சு" என்றாள் மாடத்தி. "உங்க கடிகாரம் ஸ்லோவா இருக்கும், அண்ணாச்சி."

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "மணி நாலு அம்பது கூட..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். பெஞ்சைப் பார்த்தார். அதன்மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். லிபியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிவதை நான் நின்று ரசித்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சட்டென்று ஜீப்பை நோக்கி ஓடினார். "எடுடே, வண்டியப் பிடிக்கணும்."

ஜீப்காரன் மாடத்தியைப் பார்த்தான்.

"நெஞ்சு வலிக்கா, அண்ணாச்சி?" என்றாள் அவள். "வலிச்சா ஏறுங்க. இது நோயாளிக்கு நிறுத்துன வண்டி."

அவர் ஏறவில்லை. வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். கீழ் வளைவுகளில் செண்டைக்காரர்களின் ஜீப் ஏறிவருகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"உனக்கு இப்ப என்னளா வேணும்?" குரல் இறங்கிவிட்டது. "ஆளெல்லாம் வருதுல்லா. டிரைவருக்குப் போன் போட்டு வண்டியத் திருப்பச் சொல்லு."

"போடுதேன். அன்னைக்கு இந்தப் படியில எத்தன டார்ச் கண்டிய?"

"என்னைக்கு?"

"பால்காய்ப்புக்குப் போனியளே, அன்னைக்கு."

ஜீப் சத்தம் நெருங்கியது. யாரோ பழகிப் பார்ப்பதுபோல் செண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"ரெண்டு" என்றார்.

"மணி?"

"நாலு அம்பது இருக்கும். டாப்பிங்குக்குப் போற ஆளுவன்னு நெனச்சேன், மாடத்தி."

"ரெண்டு நாளு மழ. மழையில யாரு அண்ணாச்சி ரப்பர் வெட்டப் போவா?"

"போனப் போடு" என்றார் மறுபடியும்.

"இங்க ரேஞ்சு இல்ல, அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. "அன்னைக்கும் இல்ல."

செண்டைக்காரர்கள் வந்தார்கள். சங்கத்து ஆட்கள் வந்தார்கள், போட்டோகிராபர் வந்தான். வண்டி எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். முந்திப் போய்விட்டது என்று சொன்னால், ஏன் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல அண்ணாச்சியால் முடியாது. மடியில் இரண்டு மாலையோடு, வீரபாண்டி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். போட்டோகிராபர், வந்ததற்கு ஆகட்டும் என்று, அவரை அப்படியே ஒரு படம் எடுத்தான். பதினோரு பேரும் சாயங்காலம் திரும்பி வந்து பதினோரு வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் ஃப்ளெக்ஸ் எதற்கு?

லிபி அந்த இடத்திலிருந்து அசையவே இல்லை. 'ரெண்டு' என்று அவர் சொன்ன நொடியிலிருந்து அவள் கையிலிருந்த டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. விடிந்துவிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. பிறகு குனிந்து அம்மாவின் ஃப்ளாஸ்கை எடுத்து, மூடியில் ஊற்றி, ஆறிப்போன சாயாவை நின்றபடியே குடித்தாள்.

மாடத்தி அவளைப் பார்க்கவில்லை. "போவம்" என்று படியை நோக்கித் திரும்பினாள்.

லிபி பெஞ்சிலிருந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் அதை ஒரு தடவை பார்த்தாள், தன் போனை ஒரு தடவை பார்த்தாள்.

"அம்மா, இது பத்து நிமிஷம் கூட ஓடுது."

மாடத்தி முதல் படியில் கால் வைத்தபடி நின்றாள்.

"அன்னைக்கும் அப்படித்தாம்ளா ஓடுச்சு" என்றாள்.